பாட்டில் ராக்கெட் விடும் காலை: சென்னையில் முதல்முறை வருபவர்களுக்கு

மாடல் ராக்கெட் விடும் ஆசையோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது மோட்டாரைப் பற்றித்தான். வெளிநாட்டு வீடியோக்களில் விரல் நீள அட்டைக் குழாய் மோட்டார்களைப் பார்த்திருப்பார்கள். ஏ, பி, சி என்று எழுத்து ஏற ஏற உந்துதலின் உச்ச அளவு இரட்டிக்கும்: ஏ வகை 2.5 நியூட்டன்-நொடி வரை, பி 5 வரை, சி 10 வரை. இங்கே அந்த வழி வேண்டாம். உள்ளே இருப்பது வெடிமருந்து, நம் நாட்டில் அது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருகிற சமாச்சாரம். சர்க்கரையும் வெடியுப்பும் கலந்து அடுப்பில் காய்ச்சுவதும், தீபாவளி ராக்கெட்டைப் பிரித்து மருந்தைக் கொட்டி எடுப்பதும் கை விரலோடு போகிற வேலை. எந்தக் குழுவிலும் அதற்கு இடம் கிடையாது.

ஆகவே முதல் ராக்கெட் தண்ணீர் ராக்கெட். குளிர்பான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சத்தில் கால் பம்பால் அடித்த காற்று. நெருப்பு கிடையாது. அதற்காக விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடக் கூடாது. 2 லிட்டர் பாட்டிலில் 60 பிஎஸ்ஐ காற்று ஏற்றி விட்டால், முதல் கணத்தில் 30 கிலோவைத் தூக்குகிற அளவு விசை பிறக்கிறது. தண்ணீர் நொடிக்கு 28 மீட்டர் வேகத்தில் வாய் வழியே பீய்ச்சி அடித்து, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் தீர்ந்துவிடும். பாட்டில் 40 மீட்டர் வாக்கில் ஏறும். பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் உயரம் அது. காற்று ஏறிய பாட்டிலை கரண்ட் ஓடும் மின்கம்பி மாதிரி நடத்தப் பழகிக்கொண்டால், மிச்சமெல்லாம் கைவேலைதான்.

பாட்டில்

கேஸ் உள்ள குளிர்பானம் வந்த பாட்டில் மட்டுமே ஆகும். அது அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே செய்தது. மினரல் வாட்டர் பாட்டிலும் ஜூஸ் பாட்டிலும் கையால் அமுக்கினாலே நசுங்கும். அவற்றில் காற்று அடிக்கவே கூடாது. ஆரம்பத்துக்கு 1.25 லிட்டர் நல்லது, கை பழகியபின் 2 லிட்டருக்குப் போகலாம். ஆளுக்கு மூன்று பாட்டில் எடுத்துவையுங்கள். ஒன்று பறக்க, ஒன்று வெட்டி மூக்கும் உறையும் செய்ய, ஒன்று மாற்று.

லேபிளை உரிக்க வெந்நீர் ஊற்றாதீர்கள். எழுபது டிகிரிச் சூட்டிலேயே பாட்டில் சுருங்கிக் கோணும். லேபிளைக் கையால் கிழித்துவிட்டு, ஒட்டியிருக்கும் பசை மேல் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டுத் துடைத்தால் போய்விடும். எண்ணெய் இதே பிளாஸ்டிக் பாட்டிலிலும் விற்பனைக்கு வருகிறது, அதனால் அது கெடுக்காது. தின்னர், பெட்ரோல், உப்புத்தாள், பிளேடு எதுவும் பறக்கிற பாட்டிலைத் தொடக் கூடாது. ஒரு சின்னக் கீறல் போதும், அழுத்தம் ஏறும்போது அங்கேதான் கிழியும். மூட்டையில் கட்டிக் கொண்டுவந்த பாட்டிலில் நசுங்கி நிமிர்ந்த இடத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அது மடிப்புத் தழும்பு. அந்தப் பாட்டிலை உறை வெட்ட எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபின், மூக்கு, எடை

தீபாவளி ராக்கெட்டுக்குக் குச்சி செய்கிற வேலையை இங்கே ஃபின், அதாவது வால்பக்கத் துடுப்பு, செய்கிறது. விளம்பரப் பலகை அடிக்கும் கடைகளில் 3 மில்லிமீட்டர் சன்போர்டு துண்டுகள் சும்மாவே கிடைக்கும். 12 சென்டிமீட்டர் உயரம், பாட்டிலை ஒட்டி 12, வெளிப்பக்கம் 7 என்று சாய்வாக மூன்று ஃபின் வெட்டுங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருக்க அட்டையில் ஒரு வார்ப்பு வெட்டி அதைவைத்து வரையவும்.

ஃபின்னை நேராகப் பாட்டிலில் ஒட்டுவதுதான் புது ஆட்கள் செய்யும் முதல் தவறு. சூடான பசைத் துப்பாக்கி பாட்டில் சுவரை இளக்கிவிடும். உடனடிப் பசை இந்தப் பிளாஸ்டிக்கில் சரியாகப் பிடிக்காது, பிடித்த இடத்திலும் விறைத்து உதிரும். இரண்டாவது பாட்டிலின் நடுப்பகுதியை 14 சென்டிமீட்டர் நீளத்துக்கு வளையமாக வெட்டி எடுங்கள். நீளவாக்கில் ஒரு வெட்டுக் கொடுத்து, பறக்கும் பாட்டிலின் மேல் உறை மாதிரி மாட்டி டேப் போட்டு இறுக்குங்கள். ஃபின்னை உறையில்தான் ஒட்ட வேண்டும், அதுவும் உறையைக் கழற்றி வைத்து. காற்று ஏறும் பாட்டிலுக்குச் சூடும் பசையும் படவே படாது. பாட்டில் மாற்றும்போது ஃபின்னும் வீணாகாது. ஒரு தாளைச் சுற்றளவுக்கு வெட்டி மூன்றாக மடித்தால் மூன்று கோடு கிடைக்கும், அதுதான் ஃபின் நிற்க வேண்டிய இடம். அந்தக் கோடு பாட்டிலின் அச்சுக்கு நேராக ஓடுகிறதா என்று மேலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கவும். ஒரு ஃபின் இரண்டு டிகிரி திரும்பியிருந்தால் ராக்கெட் திருகாணி மாதிரி சுழன்று பாதி உயரத்தில் வேகத்தை இழக்கும்.

மூக்குக்கு, அதே இரண்டாவது பாட்டிலின் தோள்பகுதியை வெட்டி, பறக்கும் பாட்டிலின் அடிப்பக்கத்தில் கவிழ்த்து டேப் போடலாம். கழுத்தை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாதியாக அறுத்த ஸ்பாஞ்ச் பந்தை வையுங்கள். இதில் சமரசம் வேண்டாம். பாராசூட் இல்லாத ராக்கெட் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மூக்கு கீழாக வந்து இறங்கும். கூரான மூக்கு, உள்ளே ஆணி, கோலிக்குண்டு, கல் என்று எதுவும் கூடாது. எடைக்கு 40 முதல் 60 கிராம் பொம்மைக் களிமண் போதும்; அது ஸ்பாஞ்சுக்குப் பின்னால், உள்பக்கமாக ஒட்டியிருக்கட்டும்.

ராக்கெட் நேராகப் போகுமா என்பதை வீட்டு மாடியிலேயே தெரிந்துகொள்ளலாம். தண்ணீர் இல்லாமல், ஒரு விரல் மேல் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்துக் குறியுங்கள். ராக்கெட்டின் பக்கவாட்டு உருவத்தை அட்டையில் அதே அளவில் வெட்டி, அந்த அட்டை எங்கே சமன்படுகிறது என்று பாருங்கள். அட்டையின் புள்ளி காற்று தள்ளும் இடம். எடையின் புள்ளி அதைவிட மூக்குப் பக்கமாக, குறைந்தது ஒரு பாட்டில் அகலம், அதாவது 10, 11 சென்டிமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். பிறகு எடைப் புள்ளியில் இரண்டு மீட்டர் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் சரி. வால் முன்னால் வந்தாலோ, குறுக்கே நின்றபடி சுற்றினாலோ மூக்கில் 20 கிராம் கூட்டி மறுபடி சுழற்றுங்கள். மைதானத்தில் குட்டிக்கரணம் அடிக்கிற பத்து ராக்கெட்டில் பெரும்பாலானவை இந்த ஐந்து நிமிடச் சோதனையைத் தாண்டாமல் வந்தவைதான்.

ஏவுதளம்

ஒரு குழுவுக்கு ஒன்று போதும். புதிதாகச் சேர்கிறவர் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நாலு பேர் சேர்ந்து தனியாகத் தொடங்குவதானால் இப்படிச் செய்யுங்கள்.

ஹார்டுவேர் கடையில் அரை இஞ்ச் பைப் என்று மட்டும் கேட்டால் பாதி நேரம் க்ரீம் நிற சிபிவிசி பைப்பைக் கொடுப்பார்கள். அதன் வெளிவிட்டம் 15.9 மில்லிமீட்டர், பாட்டில் வாயில் லொடலொடவென்று ஆடும். வேண்டியது யூபிவிசி, ஸ்கெட்யூல் 80, அரை இஞ்ச். அதன் வெளிவிட்டம் 21.3. குளிர்பான பாட்டிலின் வாய் உள்விட்டம் 21.7 பக்கம். கடைக்குப் போகும்போது ஒரு பாட்டிலைக் கையோடு எடுத்துப் போய், பைப் துண்டைச் சொருகிப் பார்த்து வாங்குவதே நிச்சயம்.

45 சென்டிமீட்டர் வெட்டுங்கள். மேலே 20 சென்டிமீட்டர் பாட்டிலுக்குள் நிற்கும். பாட்டில் வாய் உட்காரும் இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்துக்கு ஒரு பள்ளம் வேண்டும்: அகலம் 2.5 மில்லிமீட்டர், ஆழம் 1.5. அம்பத்தூர், கிண்டி பக்கம் எந்த லேத் பட்டறையிலும் போட்டுத் தருவார்கள். அதில் 18 மில்லிமீட்டர் உள்விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஓ-ரிங். மாட்டியபின் வெளியளவு 22.3 வரும், 21.7 வாய்க்குள் நுழையும்போது ரப்பர் லேசாக நசுங்கும், அந்த நசுங்கல்தான் காற்றைப் பிடிக்கிறது. பாட்டில் நுழையவே அடம்பிடித்தால் பள்ளம் ஆழம் போதவில்லை. மணிக்கட்டை லேசாகத் திருகினால் ஏறுகிற மாதிரி இருக்க வேண்டும். ஓ-ரிங்கில் கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவுங்கள்.

பாட்டிலைப் பிடித்து வைப்பது கேபிள் டை, அதாவது ஒயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டை. பாட்டில் கழுத்தில், மரைக்கு அப்பால் ஒரு தட்டையான வளையம் இருக்கும். 4.8 மில்லிமீட்டர் அகல டைகள் பத்தைப் பைப்பைச் சுற்றி நிறுத்தி, அவற்றின் தலைகள் அந்த வளையத்தைச் சரியாகக் கவ்வும் உயரத்தில் வைத்து, அடியில் ஹோஸ் கிளிப்பால் முறுக்கி இறுக்குங்கள். பத்துத் தலைகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மேலே நின்றால் பாரம் முழுக்க மிச்சமுள்ளவை மேல் விழும், 30 பிஎஸ்ஐயிலேயே பாட்டில் நழுவும். டைகள் விரிந்துவிடாமல் வெளியே ஒரு வளைய பைப் மேலும் கீழும் ஓடும். ஒன்றரை இஞ்ச் பைப் 6 சென்டிமீட்டர் துண்டு பெரும்பாலும் சரிப்படும், ஆனால் டையையும் பாட்டிலையும் மாட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வளையம் மேலே இருக்கும்வரை டைத் தலைகள் விரிய முடியாது. கயிறு இழுத்து வளையம் கீழே வந்ததும் பத்தும் ஒரே நேரத்தில் விரிந்து பாட்டிலை விடும். வளையத்தின் இரு பக்கமும் கயிறு கட்டி, கீழே ஒன்றாக முடியுங்கள். ஒரே பக்கம் கட்டினால் வளையம் சாய்ந்து சிக்கும்.

பைப்பின் அடியில் பித்தளை மரை உள்ள எல்போ, அதில் அரை இஞ்ச் ஹோஸ் நிப்பிள், அங்கிருந்து 8 மில்லிமீட்டர் காற்றுக் குழாய் 10 மீட்டர். குழாயின் மறுமுனையில் மூன்று வாயுள்ள பித்தளை டீ இணைப்பு. டீயின் ஒரு வாயில் திறந்து மூடுகிற சின்ன பால் வால்வு, இன்னொரு வாயில் பஞ்சர் கடையில் பழைய பைக் டியூபிலிருந்து வெட்டி வாங்கிய வால்வு. பம்ப் அந்த டியூப் வால்வில் மாட்டும். பால் வால்வு எதற்கு என்றால், ஏதாவது சரியில்லாமல் போனால் 10 மீட்டருக்கு அப்பாலிருந்தே காற்றை வெளியேற்றுவதற்கு. இந்த ஒரு வால்வு இல்லாத ஏவுதளத்தில் காற்று அடிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முழுவதையும் 30-க்கு 30 சென்டிமீட்டர் பிளைவுட்டில், ஒரு ரீப்பர் கட்டையை நிமிர்த்தி அதோடு சேர்த்துக் கட்டுங்கள். பிவிசி பைப் தண்ணீருக்காகச் செய்தது. காற்று அழுத்தத்தில் உடைந்தால் சில்லாகத் தெறிக்கும். வெயிலில் சூடேறினால் அதன் பலம் பாதிக்கும் கீழே போகும். அதனால் மூன்று விதிகள்: தண்ணீர் நிரப்பிச் செய்யும் சோதனையைத் தவிர 60 பிஎஸ்ஐக்கு மேல் எப்போதும் ஏற்றக் கூடாது, வெளியே தெரிகிற பைப்பைச் சாக்குத் துணியால் இரண்டு சுற்று சுற்றி வைக்க வேண்டும், ஏவாத நேரத்தில் நிழலில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பைப்பை மாற்றுங்கள், நூறு ரூபாய் பார்க்காதீர்கள்.

புதுப் பாட்டிலையும் ஏவுதளத்தையும் முதல்முறை சோதிக்கும்போது விளிம்புவரை தண்ணீர் நிரப்பிச் சோதியுங்கள். தண்ணீர் அமுங்காது; அதனால் பாட்டில் கிழிந்தாலும் தண்ணீர் கொட்டும், வெடிக்காது. 90 பிஎஸ்ஐ வரை ஏற்றி இரண்டு நிமிடம் நிறுத்தி, கசிவு இல்லை என்று பார்த்தபின்தான் காற்று.

இடமும் நேரமும்

சென்னையில் இதற்கு மெரினாவோ பெசன்ட் நகர்க் கடற்கரையோ தோதல்ல. கூட்டம் ஒரு காரணம். இன்னொன்று காற்று. அதிகாலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், பாராசூட்டோடு ஏறிய ராக்கெட் நேரே அலையில் போய் இறங்கும். ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மணல் அது, பிளாஸ்டிக் துண்டுகளை அங்கே சிந்தக் கூடாது. மணல் ஓ-ரிங்கில் ஏறினால் கசிவும் நிச்சயம்.

கிரிக்கெட் மைதானம் அளவுக்கு வெட்டவெளி வேண்டும்: ஏவுமிடத்திலிருந்து எந்தப் பக்கமும் 70 மீட்டருக்கு ரோடு, வீடு, மின்கம்பி இல்லாமல். பள்ளி, கல்லூரி மைதானம் என்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேல் எந்தக் காலி மைதானத்திலும் நாலு கிரிக்கெட் ஆட்டம் ஓடும். ஆகவே எந்த ஓரம் யாருக்கு என்று முன்தினமே பேசிக்கொள்வது உத்தமம். மீனம்பாக்கம் ஓடுபாதைக்கு நேராக உள்ள பல்லாவரம், மணப்பாக்கம், கொளப்பாக்கம் பகுதிகளும் தாம்பரம் விமானப்படைத் தளத்தின் சுற்றுப்புறமும் வேண்டாம். தலைக்கு மேல் விமானம் தாழப் பறக்கிற இடத்தில் கிளம்புகிற எதுவும் வீண் வம்பு.

நேரம் காலை ஆறரை முதல் ஒன்பதரை. அதற்குப்பின் நிலம் சூடாகி, முற்பகலிலோ நண்பகலிலோ கடற்காற்று உள்ளே வரும். ராக்கெட்டுக்கு அது இரண்டு விதத்தில் எதிரி. ஃபின் உள்ள ராக்கெட் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும், நேராக ஏறாது. இறங்கும்போது பாராசூட்டைத் தள்ளும். 40 மீட்டரிலிருந்து நொடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தில் இறங்கினால் பன்னிரண்டு நொடி ஆகிறது. நொடிக்கு 3 மீட்டர் காற்றில் 36 மீட்டர் தள்ளிப் போகும். 6 மீட்டர் காற்றில் 70-ஐத் தாண்டிவிடும், அதாவது மைதானத்துக்கு வெளியே. ஒரு குச்சியில் அரை மீட்டர் பட்டு ரிப்பன் கட்டி நட்டு வையுங்கள். ரிப்பன் தரைக்கு இணையாக நீட்டி நின்றால் அன்றைய வேலை முடிந்தது.

மாதத்தில் ஜனவரி, பிப்ரவரியை மிஞ்ச ஒன்றுமில்லை. வானம் தெளிந்து காற்று அடங்கியிருக்கும். போகி அன்றும் மறுநாள் காலையும் மட்டும் புகையில் மேலே போனது எங்கே என்று தெரியாது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர்வரை மழையைப் பார்த்துத்தான் நாள் குறிக்க முடியும்.

மைதானத்தில்

தண்ணீர் ஒரு ஏவலுக்கு 2 லிட்டர் பாட்டிலுக்கு 600 மில்லி, 1.25-க்கு 400 மில்லி. முப்பது ஏவலுக்கு ஒரு 20 லிட்டர் கேன் பிடிக்கும். போர் தண்ணீர் போதும், கலங்கல் இல்லாமல் இருந்தால் சரி. மூன்றில் ஒரு பங்கு ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். தண்ணீர் கூடினால் தள்ளக் காற்று போதாது, கடைசிச் சொட்டுகள் பாரமாகவே மேலே போகும். குறைந்தால் காற்று மட்டும் வீணாகச் சீறிப் போகும், அதன் எடை மிகக் குறைவு, பெரிய எதிர்விசை கொடுக்காது.

கால் பம்பில் இருக்கும் மீட்டரை நம்புவதற்குமுன், உங்கள் பைக் டயரில் அது காட்டுவதைப் பெட்ரோல் பங்க் மீட்டரோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பம்பின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஐந்து பிஎஸ்ஐ அங்கே இங்கே காட்டுவது சகஜம்.

நாலு பேருக்கு நாலு பொறுப்பு. ஒருவர் கயிறு, அவர் சொல்வதுதான் அன்று மைதானத்தில் சட்டம். ஒருவர் பம்ப். ஒருவர் கூட்டத்தையும் நாய், மாடு, ஓடிவரும் பந்துப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள. ஒருவர் விழும் இடத்தைக் கண்ணால் தொடர்ந்து போய் எடுத்துவர. வேடிக்கை பார்ப்பவர்கள் 15 மீட்டருக்கு அப்பால், காற்று வருகிற பக்கம் நிற்க வேண்டும். எல்லோரும் நின்றுகொண்டிருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவரால் சட்டென்று விலக முடியாது.

மாட்டும் விதம் இதோ:

1. பாட்டிலை நிமிர்த்தித் தரையில் வைத்து அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். வாயைச் சுத்தமான துணியால் துடையுங்கள்.
2. ஏவுதளத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பைப்பைப் பாட்டிலுக்குள் இறக்குங்கள். ஓ-ரிங் நுழையும்போது கையில் ஒரு சிறு தடை தெரியும், திருகி அழுத்தினால் உள்ளே போகும்.
3. டைத் தலைகள் ஒவ்வொன்றாக வளையத்தின் மேல் ஏறிச் சொடக்குச் சொடக்கென்று உட்காரும். பத்தையும் விரலால் தொட்டு எண்ணுங்கள். பிறகு வெளி வளையத்தை அந்தத் தலைகள் மேல் தள்ளுங்கள்.
4. பாட்டிலும் தளமுமாகச் சேர்த்து நிமிர்த்துங்கள். பாட்டில் பாதிக்கும் குறைவாகவே நிரம்பியிருப்பதால், படுத்த நிலையைத் தாண்டும்போதும் நடுவில் உள்ள பைப் வாய் தண்ணீருக்கு மேலேயே இருக்கும். நிமிர்த்தியபின் தண்ணீர் 12 சென்டிமீட்டர், பைப் 20 சென்டிமீட்டர். குழாய்க்குள் தண்ணீர் இறங்காது.
5. தளத்தைக் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக ஐந்து டிகிரி சாய்த்து, மேல் ஒரு மணல் பை வைத்து, ஆணி அடித்து நிறுத்துங்கள். எல்லோரும் விலகியபின்தான் பம்பின் முதல் மிதி.

பம்ப் அடிப்பவர் பத்துப் பத்தாக எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்: பத்து, இருபது, முப்பது. முதல் ஏவலை 40-லேயே விடுங்கள். ராக்கெட் நேராகப் போனால் அடுத்தது 50, பிறகு 60. பம்ப் நின்றதும் கயிறு பிடித்தவர் வானத்தையும் தரையையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, ஐந்திலிருந்து கீழே எண்ணி இழுப்பார். கயிறு தயக்கமில்லாமல், ஒரே இழுப்பாக வர வேண்டும். மெதுவாக இழுத்தால் சில டைகள் முன்னால் விரிந்து பாட்டில் சாய்வாகக் கிளம்பும்.

கயிறு இழுத்தும் கிளம்பவில்லையா? யாரும் கிட்டே போகக் கூடாது. இன்னொருமுறை இழுங்கள். இல்லையென்றால் பால் வால்வைத் திறந்து, மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை விட்டு, அதற்கப்புறம் ஒரு நிமிடம் பொறுத்து ஒருவர் மட்டும் போகலாம். காற்று ஏறிய பாட்டில் மேல் முகத்தைக் குனிந்து பார்ப்பது எந்தச் சந்தர்ப்பத்திலும் கிடையாது.

இறங்கிய பாட்டிலை உடனே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே வெண்புகை மாதிரி மெல்லிய மூடுபனி சுழன்றுகொண்டிருக்கும், வாயில் மெதுவாக வழியும். அமுங்கியிருந்த காற்று சட்டென்று விரியும்போது குளிர்ந்து, அதிலிருந்த ஈரம் பனியாகிவிடுகிறது. மேகம் உண்டாகும் விதமும் இதுவே. பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையில் முதலில் கொடுங்கள், சில நொடிதான் நிற்கும்.

எது ஏன் கெடுகிறது

சீறல் சத்தத்தோடு மீட்டர் இறங்கினால் ஓ-ரிங்கில் மண் அல்லது கிரீஸ் காய்ந்திருக்கும், துடைத்துத் தடவுங்கள். எல்போவில் குமிழி வந்தால் டெஃப்லான் டேப் இன்னும் நாலு சுற்று. நேராகக் கிளம்பி இருபது அடியில் ஒடிந்து திரும்பினால், ஒரு ஃபின் கழன்றுவிட்டது, அல்லது மூக்கின் களிமண் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. எல்லா ராக்கெட்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் பழி ராக்கெட் மேல் இல்லை, தளத்தின் சாய்வைப் பாருங்கள். பத்து ஏவலுக்குப் பின் திடீரென்று குறைந்த அழுத்தத்திலேயே பாட்டில் நழுவத் தொடங்கினால் டைத் தலைகள் தேய்ந்திருக்கும். பத்தையும் மொத்தமாக மாற்றுங்கள், தேய்ந்ததை மட்டும் மாற்றினால் மட்டம் கெடும்.

பாராசூட்

முதல் நாள் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஸ்பாஞ்ச் மூக்கோடு ஐந்தாறு நேரான ஏவல் பார்த்தபின் செய்யுங்கள். கறுப்புக் குப்பைப் பையில் 60 சென்டிமீட்டர் வட்டம், ஓரத்தில் எட்டு இடத்தில் டேப் போட்டுப் பலப்படுத்தி எட்டு நூல், ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர். மூக்கை டேப் போடாமல் தொப்பி மாதிரி லேசாக உட்கார வைத்தால், உச்சியில் ராக்கெட் திரும்பும்போது தானாகக் கழன்று பாராசூட்டை வெளியே விடும். மூக்குக்கும் பாட்டிலுக்கும் இடையே ஒரு மீட்டர் எலாஸ்டிக் கட்ட மறக்காதீர்கள். சென்னையின் ஈரக் காற்றில் பிளாஸ்டிக் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விரியாமலே இறங்குவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. மடிப்பதற்குமுன் முகப் பவுடரை இரண்டு பக்கமும் தூவுங்கள், ஏவுவதற்குச் சற்றுமுன் மடியுங்கள், இரவே மடித்து வைக்காதீர்கள். நூலைப் பாராசூட்டைச் சுற்றி இரண்டு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டாம். தொப்பி இறுக்கமாக இருந்தால் கழலாது, தளர்ந்திருந்தால் கிளம்பும்போதே பறந்துவிடும். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல உலுக்கினால் மூக்கு விழ வேண்டும், அதுதான் அளவு.

உயரம் அளக்க

பள்ளிக் கோணமானியின் நடுவில் நூல் கட்டி ஒரு நட் தொங்கவிட்டு, நேர் விளிம்பில் ஸ்ட்ரா ஒட்டினால் கருவி தயார். ஏவுமிடத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி, காற்றுக்குக் குறுக்கே இரண்டு எதிர்ப் பக்கங்களிலும் ஆளுக்கு ஒன்றுடன் நிற்க வேண்டும். ராக்கெட்டை ஸ்ட்ரா வழியே தொடர்ந்து, உச்சியில் நூலை விரலால் அமுக்குங்கள். அடிவானத்திலிருந்து 30 டிகிரி என்றால் 29 மீட்டர், 35-க்கு 35, 40-க்கு 42, 45-க்கு 50. அதோடு கண் உயரம் ஒன்றரை மீட்டரைக் கூட்டுங்கள். இரண்டு பேர் அளவுக்கும் சராசரி எடுங்கள். இருவருக்கும் பத்து மீட்டர் வித்தியாசம் வந்தால் அந்த ஏவலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பாட்டில் அளவு, எடை, தண்ணீர், அழுத்தம், உயரம் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால், தண்ணீரை 50 மில்லி கூட்டிக் குறைத்துப் பார்க்கிற ஆசை தானாக வரும்.

கிளம்புமுன்

ஒவ்வொரு ஏவலுக்கும் பாட்டில் கழுத்தருகே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பதினைந்து கோடு வந்தாலோ, தரையில் மோதிச் சொட்டை விழுந்தாலோ அந்தப் பாட்டில் ஓய்வு. பாட்டில்களையும் தளத்தையும் நல்ல தண்ணீரில் அலசி, மூடி போடாமல் நிழலில் காயவையுங்கள். நிறுத்திய காரின் டாஷ்போர்டில் வைத்தால் மத்தியானத்துக்குள் கோணிவிடும். மைதானத்தை ஒருமுறை வரிசையாக நடந்து சன்போர்டுத் துண்டு, டேப், நூல் எல்லாவற்றையும் பொறுக்குங்கள். ஓய்வு பெற்ற பாட்டிலைக் குப்பையில் போடுமுன் கத்தரியால் கழுத்தோடு வெட்டிவிடுங்கள். தெருவில் கிடைத்தது என்று ஒரு பிள்ளை எடுத்து அதில் காற்று அடித்துப் பார்க்கக் கூடாது.